சந்தனப் பொட்டு வைத்த கணினி

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

உங்களில் ஒருவர் சென்ற மாதம் எனக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருந்தார். ஓய்வுபெற்ற ஒருவனிடம் நலம் விசாரிக்காமல் நேராகக் கேள்வி கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. கேள்வி இதுதான்: "நம்முடைய ஆய்வுகூட மென்பொருளில் ஒரு டோக்கன் எப்போது காலாவதியாகும் என்று நிரலுக்கே தெரியும். அப்படியிருக்க, வாசலில் 'செல்லாது' என்று ஒரு பதில் வந்தால், தன் கணக்கைப் பார்க்காமலே அந்த டோக்கனை எறிந்துவிட்டுப் புதிதாகக் கேட்கும்படி ஏன் எழுதியிருக்கிறது? அந்த வரிக்கு மேலே, 'கடிகாரத்தைக் கேட்காதே, வாசலைக் கேள்' என்று தமிழில் ஒரு குறிப்பும் இருக்கிறது. யார் எழுதியது? ஏன்?"

யார் எழுதியது என்பதற்குப் பதில் சுலபம். அந்நாளில் எங்கள் தலைமைப் பொறியியலாளராக இருந்த யாழ்ப்பாணத்துப் பெண்மணி. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. என்னைவிடப் பல வயது இளையவர். இருந்தாலும் எனக்கும் அக்காதான். ஏன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம் முழுவதும் தேவைப்படுகிறது.

திகதி குறித்து வைப்பது என் பழக்கம் என்பதை உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், அநேகமாகச் சிரித்துக்கொண்டே. இந்தச் சம்பவத்தின் திகதியும் என்னிடம் இருக்கிறது. இங்கே எழுதினால் எந்த ஆய்வுகூடம் என்று நீங்கள் ஊகித்துவிடுவீர்கள். ஆகவே ஊர், ஆள் பெயர்களை மாற்றிவிட்டு, ஒக்டோபர் மழை, ஒரு வியாழக்கிழமை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் உங்களுக்குத் தெரிந்ததையே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், கதைக்கு அது வேண்டும். மனிதருக்கு அல்லாமல் ஒரு நிரலுக்குக் கொடுக்கும் கணக்குத்தான் சேவைக் கணக்கு. புசல்லாவைக் கிளையில் ஓடும் நிரல், கண்டியில் உள்ள நடுக் கணினியின் வாசலில் நின்று, "நான் புசல்லாவை, உள்ளே விடு" என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல்லை நீட்டினால் அது எங்காவது களவு போகும். எனவே ஒரு தடவை தன்னை நிரூபித்து ஒரு டோக்கன் வாங்கிக்கொள்கிறது. பஸ்ஸுக்குச் சீசன் டிக்கட் எடுக்கிற மாதிரி. ஆனால் இந்தச் சீசனின் ஆயுள் ஒரு மணித்தியாலம். அது முடிந்தால் புதியது கேட்க வேண்டும். கேட்ட டோக்கன் வரும்வரை நிரல் கைகட்டிக்கொண்டு நிற்பதில்லை. அடுத்தடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கைகளை அடுக்கி வைத்துக்கொண்டே இருக்கும். டோக்கன் வந்ததும் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்பும்.

இப்படிக் காத்திருக்காமல் வேலை செய்வதுதான் அதன் அழகு. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. எதுவும் உடைந்ததாகத் தெரியாது. எதுவும் தொலையாது. சில அறிக்கைகள் மட்டும் கொஞ்சம் பிந்திப் போகும்.

புசல்லாவையிலிருந்து வந்த முறைப்பாடும் அதுதான். கிளை திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டெங்குக் காய்ச்சல் பரவியிருந்த காலம். பிளேட்லெட் எனப்படும் இரத்தத் தட்டுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் நோயாளியை வீட்டில் வைத்திருப்பதா, ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா என்று வைத்தியர்கள் முடிவெடுப்பார்கள். அந்த எண்ணிக்கை சில நேரங்களில் உடனே வைத்தியரிடம் போகிறது, சில நேரங்களில் முக்கால் மணித்தியாலம் பிந்துகிறது. காலை, மாலை என்று எந்த ஒழுங்கும் இல்லை. நாங்கள் போய்ப் பார்ப்பதற்குள் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும்.

எங்கள் அலுவலகம் இதற்கு வைத்திருந்த விளக்கம் மழை. மலைநாட்டில் மழை பெய்தால் இணைப்பு அறும். அதனால்தான் அந்த நிரலை மிகப் பொறுமையானதாக எழுதியிருந்தோம்: அனுப்ப முடியவில்லையா, கொஞ்சம் பொறு, அதே டோக்கனுடன் மறுபடி முயற்சி செய். மழை என்று சொன்னபிறகு யாரும் மேற்கொண்டு யோசிப்பதில்லை. எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. தெல்தோட்டைக் கிளையிலும் அதே நிரல்தான், அதே மழைதான். அங்கிருந்து ஒரு முறைப்பாடுகூட வரவில்லை. மழை ஏன் புசல்லாவையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது?

வாடிக்கையாளர் பக்கத்தைக் கவனிப்பது என் பொறுப்பு. அந்த வியாழக்கிழமை கண்டி அலுவலகத்து வானில் ஏறிப் புசல்லாவைக்குப் புறப்பட்டேன்.

கிளைப் பொறுப்பாளர் செல்வம், முப்பது வயதிருக்கும். சுத்தமான இடம். சாம்பிராணி வாசனை இன்னும் போகவில்லை. வருபவர்களைப் பதியும் கருமபீடத்துக்குப் பின்னால் இருந்த கணினித் திரையின் நான்கு மூலைகளிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தார்கள். வலது கீழ் மூலையில் மட்டும் கொஞ்சம் தாராளமாக.

நான் சொன்னபடி ஒரு மாதிரி அறிக்கையை அனுப்பிக் காட்டினார். கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விட்டது.

"பாருங்க சார், நீங்க வந்தா மட்டும் நல்ல புள்ளையா இருக்கு" என்றார் செல்வம். "நேத்து இதே மெஷினு என்னைய எத்தன பேர்கிட்ட பேச்சு வாங்க வச்சிச்சு தெரியுமா?"

நான் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்க்கிறேன் என்று ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். வெளியே மழை விட்டிருந்தது.

அப்போதுதான் ராஜுவும் அவர் மனைவி கலாவும் வந்தார்கள். ராஜு கடைத்தெருவில் ஒரு ஹோட்டலில் தகரத் தகடுகளால் தட்டித் தட்டிக் கொத்து ரொட்டி போடுபவர். பெரிய உடம்பு. காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆகியிருந்தது. காய்ச்சல் விடுகிற நேரம்தான் டெங்கில் மோசமான நேரம் என்று அவர்களுக்கு வைத்தியர் சொல்லியிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"என்னண்ணே, ரெண்டு நாளா பஜார்ல சத்தமே காணோம்?" என்று செல்வம் கேட்டார்.

"நம்ம தகரச் சத்தம் இல்லேன்னா ஊரே தூங்கிரும் தம்பி" என்றார் ராஜு. சிரிக்க முயன்று முடியாமல் சுவரோரத்து வாங்குப் பலகையில் சரிந்தார்.

"பேசாம இருங்க" என்று அதட்டிய கலா செல்வத்திடம் திரும்பினார். "அண்ணே, கண்டி டொக்டரு ரிப்போட்ட பாத்துத்தான் சொல்லுவேன்னு சொல்லிட்டாரு. கொறஞ்சிருந்தா இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமாம். சுருக்கா அனுப்பிருங்க."

என் கண் முன்னாலேயே இரத்தம் எடுத்தார்கள். இயந்திரம் எண்ணிச் சொன்னது. செல்வம் அறிக்கையைச் சரிபார்த்து அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

'அனுப்பக் காத்திருக்கிறது' என்றது திரை. திரும்ப முயன்றது. மறுபடியும் காத்திருக்கிறது.

"வந்திருச்சு சார் அதுக்கு" என்றார் செல்வம், வலிப்பு வந்த மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல.

நான் கண்டிக்கு அழைத்தேன். பழுது நடந்துகொண்டிருக்கும்போதே நாங்கள் இரண்டு முனைகளிலும் இருந்தது அதுதான் முதல் தடவை. அக்கா வாசலின் பதிவுகளைத் திறந்தார்.

"அண்ணை, உங்கட மழைக்கு இதில ஒரு சம்பந்தமும் இல்லை. புசல்லாவை வாசல் வரைக்கும் வந்து நிக்குது. வாசல் அதைத் திருப்பி அனுப்புது. டோக்கன் காலாவதி எண்டு ஒவ்வொரு முறையும் தெளிவாச் சொல்லுது. அங்க நிரல் என்ன சொல்லுது?"

நான் நிரலின் நிலையைப் பார்த்தேன். "இங்கே ஆயுள் இன்னும் இருக்கிறது என்று சொல்கிறது."

"அப்ப ரெண்டில ஒண்டு பொய் சொல்லுது" என்றார் அக்கா. அவர் குரலில் பதற்றத்தைவிட ஆவல்தான் இருந்தது. எனக்கும் அப்படித்தான். அந்த ஆவலில் ஒரு கணம் வாங்கில் சாய்ந்திருந்த மனிதரை இருவருமே மறந்திருந்தோம். அதை ஞாபகப்படுத்தியவர் செல்வத்தின் முதலாளி. நாவலப்பிட்டிப் பக்கத்து வியாபாரி, காரில் வந்துகொண்டிருந்தார். செல்வத்தின் தொலைபேசியில் அவர் குரல் அறை முழுவதும் கேட்டது.

"அவங்ககிட்ட சொல்லு. அந்த ஒரு மணிநேர டோக்கன் விளையாட்டெல்லாம் வேணாம். காலாவதியே ஆகாத ஒண்ண இப்பவே குடுக்கச் சொல்லு. முடியாதுன்னா மெஷின கழட்டிக்கிட்டுப் போகச் சொல்லு. எனக்கு நோயாளிதான் முக்கியம்."

நியாயமான கோபம். என் கையில் அதிகாரம் இருந்தது. அக்காவிடம் கேட்டேன். "நிரந்தர டோக்கன் கொடுத்தால் இது போகுமா?"

"உடன போகும். ஒரு நிமிச வேலை. நீங்கள் சொன்னா செய்யிறன்."

கலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டோக்கன் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. நான் எதையோ செய்யாமல் நிற்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது. "சார், என்னமோ குடுத்தா போயிருமாமே. குடுங்களேன்" என்றார்.

தம்பி, தங்கைகளே, நீங்கள் எல்லோரும் ஒரு நாள் இந்த இடத்தில் நிற்பீர்கள். கதவைத் திறந்து விட்டால் எல்லாம் சரியாகிவிடும். கேட்பவர் கண் முன்னால் நிற்பார். திறந்து விடாதே என்று சொல்லும் காரணங்களோ கண்ணுக்குத் தெரியாதவை. சரி, செய்துவிடுங்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

அதற்கு முன் அக்கா கேட்டார். "அண்ணை, அந்த மனுசனுக்கு இப்ப என்ன தேவை? டோக்கனோ, இலக்கமோ?"

"இலக்கம்."

"இலக்கம் உங்கட கண்ணுக்கு முன்னால திரையில இருக்குத்தானே. டொக்டருக்குப் போன் எடுங்கோ. ஒராள் வாசிக்கட்டும், அவர் திருப்பிச் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில நிண்டு சரி பாருங்கோ. மெஷினைப் பிறகு பாப்பம்."

இதைவிட எளிய யோசனை இருக்க முடியாது. ஆனால் அந்த அறையில் இருந்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அறிக்கை கணினி வழியாகத்தான் போக வேண்டும் என்று நாங்கள் அவர்களைப் பழக்கியிருந்தோம், எங்களையும் பழக்கிக்கொண்டிருந்தோம்.

வைத்தியர் உடனே எடுத்தார். செல்வம் சிங்களத்தில் பேசினார். பெயர், வயது, தட்டுக்களின் எண்ணிக்கை. வைத்தியர் திருப்பிச் சொன்னார். நான் தலையசைத்தேன். பிறகு வைத்தியர் ஒரு கேள்வி கேட்டார். வழக்கமான கேள்விதான்: இரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு?

செல்வம் திரையைப் பார்த்தார். அறிக்கையின் மேல் ஓரத்தில் நேரம் இருந்தது. அதை அவர் வாசிக்கவில்லை. தொலைபேசியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, மனதுக்குள் எதையோ கழித்து, ஒரு நேரத்தைச் சொன்னார். அவர் சொன்ன நேரம் சரி. நான் அங்கேயே இருந்தேன். திரையில் இருந்த நேரத்துக்கோ என் வான் இன்னும் வழியில் உள்ள கம்பளையைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

எண்ணிக்கை குறைந்துவிட்டது, தாமதிக்காமல் ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்றார் வைத்தியர். செல்வம் ஓடிப்போய் ஒரு த்ரீவீலரைப் பிடித்தார். ராஜுவை இருவராகத் தாங்கி ஏற்றினோம்.

"நம்ம ஹோட்டல் மொதலாளிகிட்ட சொல்லிருங்க தம்பி, என் தகரத்த வேற எவனும் தொடக் கூடாது" என்றார் ராஜு.

"தொட்டா நானே வந்து அடிக்கிறேன். பைய சாஞ்சிக்கங்க" என்றார் கலா.

வண்டி போன பிறகு உள்ளே வந்தோம். நான் திரையின் வலது கீழ் மூலையைக் காட்டினேன். கணினி வழக்கமாக நேரம் காட்டும் இடம்.

"செல்வம், இந்தச் சந்தனத்தைத் துடைக்கலாமா?"

"பூசையில வச்ச பொட்டு சார்."

"தெரிகிறது."

"பூசையில வச்சதுதான் சார், சத்தியமா. நானா மறைக்கல. அது அங்க இருந்தது வசதியாப் போச்சு. அவ்வளவுதான்."

பிறகு தானாகவே சொன்னார். திறப்பு விழாவுக்கு முதலாளி கோயில் ஐயரிடம் நல்ல நேரம் பார்த்திருந்தார். முதல் அறிக்கை அந்த நேரத்துக்குள் அச்சாக வேண்டும் என்பது அவர் ஆசை. அன்று பாதையில் மண் சரிந்து முதலாளியின் கார் பிந்தியது. பால் பொங்கி முடிந்தது, நல்ல நேரமும் முடிந்தது, ராகு காலம் தொடங்கிவிட்டது. முதலாளியின் முகம் வாடியதைப் பார்த்த செல்வம், யாருக்கும் தெரியாமல் கணினியின் கடிகாரத்தை முக்கால் மணித்தியாலம் பின்னே தள்ளினார். அது தானாகத் திருந்திவிடாமல் இருக்க அந்த வசதியையும் அணைத்துவைத்தார். முதல் அறிக்கை சுபநேரத்தில் அச்சானது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"அன்னைக்கே பின்னேரம் திருப்பி வைக்க வேண்டியதுதானே?"

"வைக்கத்தான் சார் நெனச்சேன். மாத்துனா அந்த மொத அறிக்கையில உள்ள நேரமும் சேந்து மாறிருமோன்னு பயமாப் போச்சு. அப்புறம் ஒவ்வொரு நாளும் பயம் கூடத்தான் செஞ்சிச்சு."

நான் வரலாற்று நூல்களில் நேரத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். ரயில் வருவதற்கு முன் ஊருக்கு ஊர் தனித்தனி நண்பகல் இருந்தது. நம் நாடே தன் கடிகாரத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, 'பழைய நேரமா, புதிய நேரமா' என்று ஆளையாள் கேட்டுக்கொண்ட காலம் என் நினைவிலேயே இருக்கிறது. ஒரு கிளை தனக்கென்று ஒரு நேரத்தை வைத்துக்கொண்டதைக் கண்டு எனக்குக் கோபம் வரவில்லை. கணக்கு எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்கத்தான் மனம் ஓடியது. பொருந்தியது. கண்டி கொடுத்த டோக்கன் ஒரு மணித்தியாலத்தில் இறந்துவிடும். பின்தங்கிய புசல்லாவைக் கடிகாரம் அதற்கு மேலும் முக்கால் மணித்தியாலம் அது உயிரோடு இருப்பதாக நம்பும். ஒரு மணித்தியாலம் ஒழுங்கு, முக்கால் மணித்தியாலம் பழுது. அந்தச் சுற்று எங்கள் கடிகாரத்தின் மணிகளோடு ஒட்டாததால்தான் ஒழுங்கே இல்லாத மாதிரித் தெரிந்திருக்கிறது.

அக்காவிடம் சொன்னேன். ஒரு நீண்ட சிரிப்பு கேட்டது.

"அவரை ஏசாதேங்கோ அண்ணை" என்றார். "கடிகாரம் பிழைதான். ஆனா வாசல் ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லியிருக்கு. எங்கட நிரல் அதைக் கேக்கேல்லை. எந்தப் பதில் வந்தாலும் மழை எண்டு நினைச்சுக்கொண்டு அதே செத்த டோக்கனைத் திருப்பித் திருப்பி நீட்டியிருக்கு. அப்பிடி எழுதினது நான்தானே."

அன்று பின்னேரமே அவர் எழுதிய வரியைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

நிரந்தர டோக்கனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பலர் கை படும் ஒரு கருமபீடத்துக் கணினியில் சாகாத ஒரு டோக்கனை வைத்தால் களவு போகும் என்பது பாடப் புத்தகத்தில் உள்ள காரணம். சரியான காரணமும்கூட. அன்று நான் அறிந்துகொண்டது வேறு. அதைக் கொடுத்திருந்தால் பழுது மறைந்திருக்கும்; பிழையான கடிகாரம் மட்டும் இருந்திருக்கும். ராஜுவின் விடயத்தில் முக்கால் மணித்தியாலம் பெரிய வித்தியாசம் இல்லை என்று வைத்தியர் பிறகு சொன்னார். ஆனால் ஒரே நாளில் இரண்டு இடங்களில் இரத்தம் கொடுத்த ஒருவருக்கு, முந்தியது எது, பிந்தியது எது என்பதே தலைகீழாகியிருக்கலாம். அந்தக் கிளையில் ஏதோ சரியில்லை என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த மறுப்பு ஒன்றுதான். தொந்தரவாக இருக்கிறது என்று அதையும் அடைக்கப் பார்த்தோம். உங்களை எரிச்சலூட்டும் ஒவ்வொரு மறுப்பையும் நிறுத்துவதற்கு முன், அது எதைப் பார்த்து மறுக்கிறது என்று ஒரு தடவை கேளுங்கள்.

செல்வம் கடிகாரத்தைச் சரியாக்கினார். அந்தக் கணமே நிரல் தன் டோக்கன் இறந்துவிட்டதை அறிந்து புதியதைக் கேட்டது. அடுக்கிலிருந்த அறிக்கைகள் ஒவ்வொன்றாகப் போயின. ராஜுவின் அறிக்கையும் போனது.

சற்று நேரத்தில் முதலாளி வந்து சேர்ந்தார். குடையை மடக்கிக்கொண்டே, "என்ன கோளாறு? மெஷினா, லைனா?" என்று கேட்டார். செல்வம் வாயைத் திறப்பதற்குள் அவருடைய தொலைபேசி அடித்தது. கண்டி வைத்தியர்தான். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருக்கிறாரா என்று கேட்டார். பிறகு, அறிக்கை இப்போதுதான் கிடைத்தது, எண்ணிக்கை நீங்கள் சொன்னதேதான், ஆனால் இரத்தம் எடுத்த நேரம் வேறாக இருக்கிறதே, நான் எதை நம்ப வேண்டும் என்றார்.

கணினிக் கோளாறு என்று செல்வம் சொல்லியிருக்கலாம். மென்பொருள்காரன் நான் பக்கத்திலேயே நின்றேன். முதலாளியும் அதை ஏற்றுக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார்.

"அறிக்கையில் உள்ளது பிழை டொக்டர்" என்றார் செல்வம், முதலாளிக்கும் நன்றாக விளங்கிய சிங்களத்தில். "கடிகாரத்தை மாற்றி வைத்தது நான். போனில் நான் சொன்ன நேரம்தான் சரி. திருத்திய அறிக்கையை என் பெயர் போட்டு அனுப்புகிறேன்."

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் கருமபீடத்தைப் பார்த்தபடி நின்றார். முதலாளி குடையைச் சுவரோரம் சாய்த்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் ஒரு கதிரையை இழுத்துக் கணினிக்குப் பக்கத்தில் போட்டார்.

"ஒக்காரு. இது மாதிரி நேரம் பிழைச்ச ரிப்போட்டு வேற எதெல்லாம் இருக்கு?"

"எல்லாமே முதலாளி" என்றார் செல்வம். "திறந்த நாள்ல இருந்து."

"அப்ப திறந்த நாள்ல இருந்தே ஆரம்பி" என்றார் அவர்.